கதவு வைத்த பரண்

மலேசியாவில் சிரம்பான் பக்கத்துப் புக்கிட் செராய் தோட்டத்தில் கடைசியாக மிச்சமிருந்தவை இருபத்திரண்டு குடும்பங்கள். அதில் ஒன்று பஞ்சாலை என்பவளுடையது. அவளும் அவள் புருஷன் சன்னாசியும் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். அவள் மேட்டு லயத்து வரிசை வீடு, அவர் பள்ளத்து லயம். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போனபோது அவள் நடந்த தூரம் கோயிலைத் தாண்டி நூறு அடி. ரப்பர் பால் மரங்களைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை நட்டபோது ஆட்களைக் குறைத்தார்கள். பஞ்சாலை செனவாங்கில் ஒரு கையுறை ஃபேக்டரிக்குப் போனாள். சன்னாசி குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். ஐம்பத்தெட்டு வயதில் வலது முட்டி தேய்ந்து வீட்டில் உட்கார்ந்தார்.

அவர்களுக்கு எட்டு வருஷம் பிள்ளை இல்லை. பிறகு ஒன்றே ஒன்று பிறந்தது. புனிதன் என்று பேர் வைத்தார்கள். சி ரூசா பாலிடெக்னிக்கில் கட்டடப் பிளான் வரையப் படித்து, சிரம்பானில் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் வேலைக்குப் போன இரண்டாம் வருஷம் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் வீடு கட்டி விற்கிற கம்பெனிக்காரர்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று வருஷம் கூட்டம், மனு, பேச்சுவார்த்தை. கடைசியில் தோட்டத்து மூலையில் ஒரு நாலு மாடி புளோக் கட்டி, குடும்பத்துக்கு ஒரு வீடு தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கொடுத்த நிலம் கொஞ்சம் என்பதால் வீட்டை அகலமாகக் கட்ட முடியவில்லை. கூரையை உயர்த்தி, வீட்டுக்குள்ளேயே பாதி அளவுக்கு ஒரு மேல்தளம் போடுவதாகத் திட்டம். அவர்கள் பாஷையில் அது லோஃப்ட்.

அதைத் தோட்டத்து ஜனங்களுக்கு விளக்கியவன் புனிதன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, மூன்று சப்பாத்து அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டிக் காட்டினான்.

"மூணு மாடல் இருக்கு. எல்லாத்துலயும் கீழ ஹாலு, குசினி, ஒரு சின்ன ரூம். வித்தியாசம் எல்லாம் மேலதான். ஏ டைப்ல மேல்தளம் திறந்து இருக்கும். கம்பி மட்டும் வச்சிருப்பாங்க. மேல இருந்து பார்த்தா ஹால் தெரியும். பி டைப்ல அதையே சுவர் வச்சு, கதவு போட்டு, ரூமா ஆக்கிக் குடுப்பாங்க. சி டைப்ல மேல்தளமே இல்ல. உயரமான ஹாலு மட்டும். பின்னாடி வேணும்னா நீங்களே கட்டிக்கலாம்."

பக்கத்து வீட்டு மாரியம்மா கையைத் தூக்கினாள். "ஏன்டா தம்பி, இதுக்குப் பேரு பரண்தானே? பரண்ல நாங்க சட்டி பானை போட்டு வைப்போம். மனுசன் போயிப் படுக்கறதா?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. புனிதனும் சிரித்தான். "ஆமா அத்தை, பரண்தான். ஆனா ஃபேன் போட்ட பரண்லா."

அன்றிலிருந்து அந்த வீடுகளுக்குப் பரண் வீடு என்று பேர் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவன் அம்மாவிடம் ஏ டைப்பைத்தான் காட்டினான். பஞ்சாலை அந்த அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கீழ் ரூம்ல அப்பா. முட்டி வலிக்கு அதுதான் சரி. மேல நீங்க. அம்பாங்கான்ல சித்தி வீட்டு மாடியில போயி நின்னா கீழ இறங்க மாட்டீங்களே, அதுக்குத்தான். நான் ஹால்ல படுத்துக்குவேன்."

"உனக்குக் கல்யாணம் ஆனா?"

"ஆனா அப்பப் பார்த்துக்கலாம்லா மா."

சன்னாசி பி டைப்தான் நல்லது என்றார். கதவு இல்லாத ரூம் என்ன ரூம் என்று அவர் வாதம். அப்பாவும் மகனும் இரண்டு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பழைய காலேஜ் கூட்டாளிகளைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் போன புனிதன் திரும்பி வரவில்லை. சி ரூசாவில் கடற்கரை ரோட்டு வளைவில் மழை பெய்திருந்தது. சறுக்கி எதிரே வந்த லோரியின் அடியில் போய்விட்டான். லோரிக்காரர் மேல் தப்பில்லை என்று போலீஸில் சொன்னார்கள். அவனுக்கு இருபத்தேழு வயது.

பஞ்சாலை அழவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் அழவில்லை. பெண்கள் அவளைப் பிடித்து உலுக்கினார்கள். "அழுதுடு அக்கா, அழுதுடு" என்று மாரியம்மா அவள் கன்னத்தில் அடித்தாள். பஞ்சாலைக்கு அந்த அடி தெரிந்தது. வலி தெரியவில்லை. மாரியம்மாவின் வளையல் ஒன்று உடைந்து கீழே விழுந்ததைக் குனிந்து பொறுக்கி, யார் காலிலாவது குத்தப்போகிறது என்று சன்னல் மேல் வைத்தாள். அதைப் பார்த்த இரண்டு பேர் பின்னால் பேசிக்கொண்டார்கள் என்று தெரியும். பேசட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனாள். அவள் வேலை கையுறைகளில் ஓட்டை பார்ப்பது. காற்றடைத்த கையுறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் போட வேண்டும். அவள் கைகள் தன் பாட்டுக்குப் பார்த்தன, போட்டன. அந்த மாதம் அவள் வரிசையில்தான் தப்பு குறைவு என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்னாள். பஞ்சாலை தலையை ஆட்டினாள். பேசும்போது தன் குரலே பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலிருந்தது. சாப்பாட்டில் உப்பு கூடியதா குறைந்ததா என்று தெரியவில்லை. சன்னாசியும் சொல்வதில்லை. போட்டதைச் சாப்பிட்டார்.

அவரும் அழுது அவள் பார்த்ததில்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் பழைய ஹோண்டா மோட்டாரை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுப் பக்கம் போவார். ஏழு மணிக்குத் திரும்புவார். எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. லயத்து வீட்டில் அறைக்கும் அறைக்கும் நடுவே இருக்கிற சுவர் ஆள் உயரம்தான். அதற்கு மேல் கூரை வரைக்கும் திறந்துதான் கிடக்கும். மாரியம்மா வீட்டில் ஆள் இருமினால் இங்கே கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு பேரும் பதினோரு மாதம் சத்தமில்லாமல் இருந்தார்கள். கேஸ் தீர்ந்துபோச்சு, நாளைக்கு கிளினிக், மழை வரும்போல. அவர்கள் பேச்சு அவ்வளவுதான்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து விண்ணப்பப் பாரம் வந்தது. மாத முடிவுக்குள் எந்த டைப் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மற்ற வீடுகளில் பிள்ளைகள் அதைப் பூர்த்தி செய்தார்கள். பஞ்சாலை தானே பேனாவை எடுத்தாள். பெயர், அடையாள அட்டை எண், வீட்டு நம்பர் எல்லாம் எழுதினாள். குடியிருக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் மூன்று என்று போட்டாள். போட்டபிறகுதான் பார்த்தாள். அதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினாள். அடித்தது அசிங்கமாக இருந்தது. வேறு பாரம் கேட்கலாமா என்று யோசித்தாள். அந்த ஒரு யோசனை அன்று முழுக்க மண்டையில் ஓடியது, வேறு எதுவும் ஓடவில்லை.

எந்த டைப் என்ற கட்டத்தை இருவரும் காலியாக விட்டுவிட்டார்கள். நாலு நாள் அந்தப் பாரம் டிவி மேல் கிடந்தது. ஐந்தாம் நாள் கம்பெனி ஆபீஸிலிருந்து நசீரா என்ற பெண் போன் செய்தாள். தெமியாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவரின் மகள், நன்றாகத் தமிழ் பேசுவாள். தோட்டத்து ஜனங்கள் விஷயமாகப் பேச கம்பெனி அவளைத்தான் வைத்திருந்தது.

"ஆண்டி, உங்க வீட்டுப் பாரம் இன்னும் வரல. அவசரம் இல்ல. ஞாயிற்றுக்கிழமை அம்பாங்கான்ல மாதிரி வீடு திறந்திருக்கு. மூணு டைப்பும் பக்கத்துல பக்கத்துல கட்டி வச்சிருக்கோம். கண்ணால பார்த்துட்டு முடிவு பண்ணலாமே. உங்க ஆளுங்க வேன்ல வராங்க, நீங்களும் அங்கிளும் வாங்க."

"சரிம்மா" என்றாள் பஞ்சாலை. மறுத்துச் சொல்ல ஒரு காரணம் தேட வேண்டும். அதற்குத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேனில் பதினான்கு பேர் போனார்கள். அம்பாங்கானில் கடைவீதிக்குப் பின்னால் ஒரு பெரிய கொட்டகை. உள்ளே ஏர்கோன் குளிர். மூன்று வீடுகளையும் முன்பக்கச் சுவர் இல்லாமல், நாடக மேடை மாதிரி வரிசையாகக் கட்டியிருந்தார்கள். நாற்காலி, மேஜை, பிளாஸ்டிக் ஆரஞ்சுப்பழம் வைத்த தட்டு வரைக்கும் இருந்தது.

முதலில் எல்லாரும் சி டைப்பில்தான் கூடினார்கள். பதினேழு அடி உயரத்தில் கூரை. மாரியம்மா கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்தாள்.

"பல்ப் பியூஸ் போனா யாரு ஏறி மாட்டறது?"

"கம்பெனி ஆள் வருவாங்க அத்தை, முதல் ரெண்டு வருஷம்" என்றாள் நசீரா.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஏணிதான்."

"அப்ப இதுதான் எனக்கு. என் பேரன் மரத்துல குரங்கு மாதிரி ஏறுவான். மேல தட்டு கட்டற வேலைய அவன் சம்பாதிச்சுப் பண்ணட்டும்" என்று மாரியம்மா அங்கேயே குறித்துக் கொடுத்துவிட்டாள்.

பி டைப்பில் மேலே போய் வந்தவர்கள் புழுக்கமாக இருக்கும் என்றார்கள். ஏ டைப்பில் குழந்தைகள் கம்பி வழியாகத் தலையை நீட்டினால் என்ன செய்வது என்று ஒரு தாய் கவலைப்பட்டாள். கமிட்டித் தலைவர் சந்திரன் சாமிப் படத்தை மேலே வைப்பதா கீழே வைப்பதா, மேலே படுத்தால் காலடியில் சாமி வருமே என்று கேட்டார். நசீரா எதற்கும் சலிக்காமல் பதில் சொன்னாள். பஞ்சாலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். எதுவும் அவளிடம் வந்து சேரவில்லை.

தேநீர் கொடுக்கக் கூப்பிட்டபோது கூட்டம் வெளியே போனது. சன்னாசி ஏ டைப் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மேல போயிப் பாரு" என்றார்.

"நீங்க?"

"நான் எதுக்கு? நீதானே மேல படுக்கப் போற."

பஞ்சாலை படி ஏறினாள். பதிமூன்று படி. மேலே ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை. கம்பி ஓரமாக நின்று கீழே பார்த்தாள். புருஷனின் வழுக்கைத் தலை தெரிந்தது. அம்பாங்கான் தங்கச்சி வீட்டு மாடியில் நிற்கும்போது வயிற்றில் ஒரு கூச்சம் வரும், அது அவளுக்குப் பிடிக்கும். இப்போது அது வரவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கீழே தெரியவில்லை. விரிப்பு நல்ல துணி, கழுவினால் சுருங்காது என்று நினைத்தாள்.

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தாள். பிறகு தண்ணீர் புரையேறியதோ என்று நினைத்தாள். சன்னாசி அழுதுகொண்டிருந்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுவது சத்தத்திலேயே தெரிந்தது. அந்த உயரமான வீட்டில் சத்தம் நேராக மேலே வந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை "ஐயா" என்றார். புனிதனைச் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவார்.

பஞ்சாலை அசையவில்லை. எழுந்தால் கட்டில் கிறீச்சிடும், அவருக்குத் தெரிந்துவிடும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அது முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். தனக்கும் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். தொண்டை வரைக்கும்கூட வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு அவர் எதற்குப் போகிறார் என்று. பதினோரு மாதமாக, மழையிலும்கூட, அந்த மனிதர் அழுவதற்கு ஒரு இடம் தேடிச் செம்பனைக் காட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

சத்தம் நின்றது. மூக்கைச் சிந்துகிற ஓசை கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, வேண்டுமென்றே காலை அழுத்தி வைத்துப் படி இறங்கினாள்.

சன்னாசி முகத்தைத் துடைத்து வைத்திருந்தார். "படி எப்படி? செங்குத்தா இருக்கா?"

"பரவால்ல."

நசீரா உள்ளே வந்தாள், கையில் இரண்டு கப் தேநீர். பஞ்சாலை காலையில் கொடுத்திருந்த, அடித்துத் திருத்திய பாரம் அவள் பைலுக்குள் இருந்தது. "ஆண்டி, ஏ டைப்தானே போடட்டுமா? புனிதன் அண்ணன் முதல் தடவை ஆபீஸுக்கு வந்தப்பவே எங்கம்மாவுக்கு ஏ தான்னு சொல்லிட்டுப் போனாரு." சொல்லிவிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று உதட்டைக் கடித்தாள்.

"பி போடும்மா" என்றாள் பஞ்சாலை.

சன்னாசி நிமிர்ந்தார். "பி-யா?"

"கதவு வச்சது."

"உனக்குத் திறந்ததுதானே பிடிக்கும்? அவன் சொன்னதும் அதுதானே." பதினோரு மாதத்தில் அவர்களுக்கு நடுவே மகன் பேச்சு வந்தது அன்றுதான் முதல்.

"அவன் சொன்னப்ப மூணு பேரு" என்றாள் பஞ்சாலை. "இப்ப ரெண்டு பேரு. ரெண்டு பேருக்குக் கதவு இருக்கறது நல்லது."

ஏன் நல்லது என்று அவர் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதற்குக் கீழே போட்டாள். நசீரா அந்தக் கட்டத்தில் பி என்று எழுதி, "மனசு மாறினா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க ஆண்டி" என்றாள். பஞ்சாலைக்கு மாறுவதற்கு மனசு இருக்கிறதா என்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

புளோக் எழும்ப இரண்டு வருஷம் ஆனது. சாவி கொடுத்த அன்று இனிப்பு கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அடுத்த மாதம் லயத்தை இடித்தார்கள். அன்று பஞ்சாலை காலை ஷிப்ட்டில் இருந்தாள். வேன் திரும்பி வந்தபோது அங்கே செம்மண் மேடுதான் இருந்தது. மற்ற பெண்கள் வேனிலேயே அழுதார்கள். அவளுக்குத் துணி துவைக்கிற கல்லை எடுத்து வைத்திருக்கலாமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவர்களுக்கு மூன்றாம் மாடி கிடைத்தது. லிஃப்ட் இருந்தது, வாரத்தில் ஐந்து நாள் ஓடியது. சன்னாசி கீழ் ரூமில் படுத்தார். பஞ்சாலை படி ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்ல கதவு. சாத்தினால் கீழே ஓடுகிற டிவிகூடக் கேட்காது. ஒரு சன்னல், அதற்கு வெளியே மிச்சமிருந்த செம்பனையும் நெடுஞ்சாலையும். மூட்டையைப் பிரித்தபோது புனிதனின் சட்டைகளை அலமாரியில் மேல் தட்டில் அடுக்கினாள். துணியை அடுக்குவது போலவே அடுக்கினாள்.

சன்னாசி சாயங்காலம் மோட்டார் எடுப்பதை நிறுத்திவிட்டார். அதைப் பார்த்து அவள் தான் செய்தது சரிதான் என்று எண்ணிக்கொண்டாள். ஐந்து மணியானால் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவருக்கு வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, ஏழு மணிக்கு இறங்கி வந்து சோறு வைப்பாள். அந்த இரண்டு மணி நேரத்தில் தனக்கும் அழுகை வரும் என்று பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் வேண்டுமென்றே அவன் சட்டை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஒன்றும் வராது. ஷிப்ட் அலுப்பில் தூங்கிவிடுவாள்.

இப்படி ஏழெட்டு மாதம் போனது. நவம்பரில் ஒரு நாள் மத்தியானம் காற்றோடு மழை பிடித்தது. மேல் சன்னலின் ரப்பர் பட்டை சரியில்லாததால் தண்ணீர் உள்ளே அடித்து, கட்டில், பாய், தரை எல்லாம் நனைந்துவிட்டது. பஞ்சாலை துணிகளைப் போட்டுப் பிழிந்து பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வாளியை நகர்த்துகிற சத்தமும் தடதடப்பும் கீழே கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் படியில் ஓசை கேட்டது. ஒரு காலை வைத்து, மறு காலை அதே படிக்குக் கொண்டுவந்து, நின்று மூச்சு வாங்கி, மறுபடியும். கதவைத் தட்டினார். நாற்பது வருஷக் கல்யாணத்தில் அவர் அவள் இருக்கிற இடத்துக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"திறந்துதான் இருக்கு, வாங்க."

சன்னாசி தோளில் இரண்டு பழைய கோணி, கையில் துடைப்பம். "சொல்லியிருக்கலாமே. எவ்வளவு நேரமாப் பண்ற?" என்றார். அந்த அறைக்குள் அவர் வந்ததே இல்லை. கோணிகளைச் சன்னலுக்கு முட்டுக் கொடுத்தார். அவள் பிழிய, அவர் துடைப்பத்தால் தண்ணீரை வாளிப் பக்கம் தள்ளினார். மழை அடங்கியபோது இரண்டு பேரும் நனைந்திருந்தார்கள். முட்டி தாங்காமல் அவர் நனையாத கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வெளியே பார்த்தார்.

"இங்கருந்து டோல் தெரியுதே."

"ம். ராத்திரியில லைட் தெரியும்."

அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். பிறகு சன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "அம்பாங்கான்ல அன்னைக்கு... நான் கீழ உட்கார்ந்திருந்தேனே. உனக்குக் கேட்டுச்சா?"

பஞ்சாலை பிழிந்துகொண்டிருந்த துணியை வாளியில் போட்டாள். "கேட்டுச்சு."

"அதனாலதான் கதவு வச்சது கேட்டியா?"

"ஆமா. உங்களுக்கு ஒரு இடம் வேணும்லா. மழையில எல்லாம் போயிட்டு இருந்தீங்க."

சன்னாசி துண்டைத் தோளில் போட்டார். கீழ் வீட்டில் யாரோ மிக்சி போட்டு நிறுத்தினார்கள்.

"இங்க வந்ததுலேருந்து ஒரு தடவகூட எனக்கு வரல பஞ்சால" என்றார். "நீ மேல போயிக் கதவச் சாத்துவ. நான் டிவிய அமத்திட்டு உட்கார்ந்திருப்பேன். வராது. காட்டுக்குப் போனாலும் இப்ப வராதுன்னு நினைக்கறேன். அதான் போறதில்ல."

"எனக்கு அப்பவே வரல."

"தெரியும்."

"ஊர்ல என்னென்னவோ சொன்னாங்க."

"அதுவும் தெரியும். நான் ஒருத்தன்கிட்ட சண்டைக்கே போனேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சண்டைக்குப் போனது அவளுக்குத் தெரியாது. யாரிடம் என்று கேட்டாள். கோயில் பக்கத்து முனியாண்டியிடம் என்றார். பல்லில் ஒன்று ஆடிப்போனதாம், அவருடையதா அவனுடையதா என்று கேட்டாள். "என்னோடதுதான்" என்றார். அவள் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்வதற்கில்லை.

"ஒரு நாள் வரும்" என்றார் சன்னாசி.

"வராட்டியும் போகட்டும்" என்றாள் பஞ்சாலை. அதைக் கசப்போடு சொல்லவில்லை. மழை நின்றுவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

இறங்கும்போது அவருக்கு ஏறினதைவிடக் கஷ்டமாக இருந்தது. பஞ்சாலை முன்னால் இறங்கி, ஒவ்வொரு படியிலும் திரும்பி நின்று, அவர் கையைத் தன் தோளில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பதிமூன்று படிக்குப் பத்து நிமிஷம் ஆனது. கீழே வந்ததும் நசீராவுக்குப் போன் செய்து சன்னலைப் பற்றிச் சொன்னாள். ஆட்கள் வந்து பட்டையை மாற்றிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. ஐந்து மணிக்கு மேலே போவதை மட்டும் பஞ்சாலை விட்டுவிட்டாள். அந்த நேரத்தில் இருவரும் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது, யார் வீட்டில் என்ன கலர் பெயின்ட், லிஃப்ட் எத்தனை நாளாக நிற்கிறது என்று. மாரியம்மா சி டைப்பில் இன்னும் மேல்தளம் கட்டவில்லை. அந்த உயரத்தில் கயிறு கட்டித் துணி உலர்த்துகிறாள். பஞ்சாலைக்கு அடுத்த வருஷம் ஓய்வு. ஃபேக்டரியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இருப்பதா வேண்டாமா என்று சன்னாசியிடம் கேட்டாள். "உனக்கு எப்படித் தோணுது?" என்றார் அவர். தோன்றினால் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் வேனுக்குச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.